நேராக நடந்த நண்டுகள்

பவளத்துறை சந்தியாகப்பர் கோயிலில் மன்னிக்கப்பட்ட பாவங்கள் நண்டுகளாகி வெளியே நடந்து வரத் தொடங்கியது தவக்காலத்தின் இரண்டாவது சனிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு. முதலில் வந்தது மிக்கேல் பர்னாந்துடைய நண்டு. அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சல்லடைச் சன்னலருகே முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். உள்ளே உட்கார்ந்திருந்த அமலதாஸ் சாமி மன்னிப்பு வார்த்தையைச் சொல்லிச் சிலுவை வரைந்ததும், தொட்டியின் அடியிலிருந்த மர இடுக்கு வழியாக ஒரு நண்டு வெளியே வந்து, இரண்டு கண்களையும் தூக்கிச் சுற்றிலும் பார்த்து, நடுவழியே நடந்து, கிழக்கு வாசலைத் தாண்டி, கொடிமரத்தைக் கடந்து, மணலில் இறங்கி, அலை வந்ததும் அலையோடு போய்விட்டது.

கோயிலுக்குள் நண்டு வருவதெல்லாம் பவளத்துறையில் யாரும் திரும்பிப் பார்க்கிற விஷயமில்லை. கடல் அறுபது அடி தூரத்தில் இருக்கிறது, மழைக்காலத்தில் பூசை நடக்கும்போதே பீடத்தின் மேல் நண்டு ஏறியிருக்கிறது. அன்றைக்கு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது வேறொன்று. அந்த நண்டு பக்கவாட்டில் போகவில்லை, நேராக நடந்தது.

"நேரா நடக்குது பாத்தியளா?" என்றார் உபதேசியார் கபிரியேல். அடுத்துப் பாவசங்கீர்த்தனம் செய்தவருடைய நண்டும் நேராக நடந்தது, அதற்கடுத்ததும் அப்படியே. ஆறு மணி மணியடிப்பதற்குள் நாற்பத்தோரு நண்டுகள் நேராக நடந்து கடலுக்குப் போனதை ஊரே நின்று பார்த்தது. மிக்கேல் பர்னாந்து மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருடைய நண்டு சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. "அறுபத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கேன், என்னய என்னன்னு நெனச்சிட்டு?" என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனதைப் பலரும் கேட்டார்கள். அடுத்த வாரமே அவர் திரும்பி வந்து, செய்ததோடு செய்யாததையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தார் என்றும், அதற்கு ஒரு நண்டும் வரவில்லை என்றும் பேச்சு.

இரண்டாவது வாரத்திற்குள் ஊர் இதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு செய்துவிட்டது. பங்குப் பேரவை கூடி, சனிக்கிழமைகளில் கிழக்கு வாசலை அடைக்கக் கூடாது, வாசலில் கிடக்கும் கயிற்று மிதியடியை எடுத்துவிட வேண்டும், சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை நாய்களைக் கட்டிப்போட வேண்டும், அந்த நேரத்தில் கொடிமரத்துக்கும் கடலுக்கும் நடுவே யாரும் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டது. வலையில் நேராக நடக்கிற நண்டு வந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பதைத் தீர்மானமில்லாமலே எல்லோரும் கடைப்பிடித்தார்கள், யாருடைய பாவத்தை யார் தின்பது? நண்டு கொடிமரத்தைத் தாண்டும்வரை அதன் அளவை யாரும் பார்க்கக் கூடாது என்று உபதேசியார் கண்டிப்பாக அறிவித்தார். அதனால் எல்லோரும் கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். ஆயர் இல்லத்துக்கு எழுதிய கடிதத்திற்கு, கோயில் வளாகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும் என்று பதில் வந்தது.

அந்த வளாகத்தைச் சுத்தமாக வைத்திருந்தவள் கித்தேரி. வாரத்தில் ஐந்து நாள் கருவாடு காயப்போடுவாள், சனிக்கிழமைகளில் கோயிலைப் பெருக்கிப் பீடத்துணிகளைத் துவைத்து விரிப்பாள். நண்டுகள் போகும் வழியில் மணலைச் சமமாக இழுத்துவிட்டதும் அவள்தான். ஊரிலேயே இந்த அதிசயத்தைக் கண்டு பயந்தவளும் அவள் ஒருத்திதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு பாவம் இருந்தது. பதினோரு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பங்குக்கு வந்துபோன ஐந்து சாமிமார்களிடம் சொல்லியாயிற்று. திருவிழாவுக்குப் பிரசங்கம் வைக்க வந்த வெளியூர்ச் சாமிமார்களிடமும், ஒருமுறை பஸ்சில் பக்கத்து இருக்கையில் அகப்பட்ட ஒரு வயதான சாமியிடமும் சொல்லியாயிற்று. எல்லோரும் ஒரே மாதிரி, உன் பாவம் மன்னிக்கப்பட்டது, ஐந்து அருள்நிறை மந்திரம் சொல்லு என்றார்கள். அவளும் சொன்னாள், வீட்டுக்கு வந்தாள், சோறு பொங்கினாள், பொங்கும்போதே மனதுக்குள் கேள்வி வந்துவிடும். ஐந்து மந்திரத்திலா போய்விடும்? அப்படிப் போகும் என்றால் அது என்ன பாவம், அது என்ன மன்னிப்பு? கடவுள் இருக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவர் இவ்வளவு லேசாக விட்டுவிடுவார் என்பதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. நம்பாமல் நற்கருணை வாங்குகிறோமே என்பது தனிப் பாவமாகிவிடுமோ என்று வேறு பயந்தாள், அதையும் போய்ச் சொன்னாள், அதற்கும் ஐந்து மந்திரம் கிடைத்தது.

பாவம் இதுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், வடக்கே ஒரு ஊரிலிருந்து, கோயில் பாடகர் குழுவில் அவளோடு பாடும் பிரகாசியைப் பெண் கேட்டு வரவிருந்தவர்கள், வழக்கப்படி முதலில் ஒரு பெண்ணை அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். பூசை முடிந்து கோயில் படியில் நின்ற கித்தேரியிடம் வந்து அந்தப் பெண், "பிள்ள எப்படி?" என்று கேட்டாள். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பாடகர் குழுவில் எல்லோர் முன்னாலும் பிரகாசி, "கித்தேரி பாடினா போன வள்ளம் திரும்பி வராது" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தாள். கித்தேரி அந்தப் பெண்ணிடம், "நல்ல பிள்ளதான். எப்பவாச்சும் வலிப்பு வரும், அவ்வளவுதான்" என்றாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. அந்தப் பேச்சு முறிந்தது, அடுத்த இரண்டு பேச்சுகளும் முறிந்தன. பிறகு பிரகாசி போதும் என்று சொல்லிவிட்டு ஒரு தையல் மிஷின் வாங்கி வீட்டு முன்னறையில் போட்டுக்கொண்டாள். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் கித்தேரியின் பக்கத்தில் நின்று அவள் பாடுகிறாள்.

மூன்றாவது சனிக்கிழமை கித்தேரி முழங்காலில் நின்று, சொன்னதையே மறுபடியும் சொன்னாள். அமலதாஸ் சாமி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, குருப்பட்டம் பெற்று ஒன்றரை வருடம். மன்னிப்பு வார்த்தையைச் சொன்னார். இடுக்கு வழியே கருநீல ஓடுள்ள நண்டு ஒன்று வந்தது, உள்ளங்கை அளவுக்கு. அது கிழக்கு வாசலுக்குப் போகவில்லை. கித்தேரி எழுந்து நடந்ததும் பக்கவாட்டில் நடந்து அவள் பின்னால் போனது. அவள் நின்றால் அதுவும் நின்றது. கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஊர், இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"ஏ கித்தேரி, உன் நண்டு வழி தெரியாம வருதுட்டி" என்றாள் உபதேசியார் மனைவி ரெஜினா மைனி, உதவி செய்கிற நினைப்பில்.

"தெரியும் மைனி" என்று சொல்லிவிட்டுக் கித்தேரி வேகமாக நடந்தாள். நண்டும் வேகமாக நடந்தது.

வீட்டில் அவள் புருஷன் சேசையா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வாசலில் வந்த இரண்டு பேரையும் பார்த்தான். "கொழம்பு வைக்கவா, சும்மாவா?" என்றான்.

"இது கோயில் நண்டு."

"ஓ" என்றான் சேசையா. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பழைய அலுமினியப் பானை பரண்ல கெடக்கு" என்று சொல்லி, என்ன பாவம் என்று கேட்காமல் வலைக்குத் திரும்பினான். அந்த ஒரு காரணத்துக்காகவே அவனைக் கட்டியது தப்பில்லை என்று கித்தேரிக்கு அன்றைக்குத் தோன்றியது.

ஆனால் ஊர் கேட்டது. கருவாட்டில் மண் கலந்திருப்பாள் என்று சிலர், மாமியாருக்குச் சோறு போடாமல் இருந்திருப்பாள் என்று சிலர். மாமியாரோ நான் நல்லாத்தான் தின்கிறேன் என்று தெருவில் நின்று சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. நண்டு பானைக்குள் நிற்காது. காலையில் கருவாட்டுப் பாயைச் சுற்றி வரும், மத்தியானம் அவள் நிழலில் உட்காரும். திருவின தேங்காய் போட்டால் தின்னும். அது எங்கே உட்கார்ந்தாலும் கண்கள் இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் கவனிக்காமலில்லை. கவனிக்காதது போல் இருந்தாள்.

நான்காவது சனிக்கிழமை அவள் மறுபடியும் தொட்டிக்குப் போனாள். நண்டு வெளியே காத்திருந்தது.

"சாமி, எனக்கு மன்னிப்பு கெடைக்கல."

"கெடைச்சிருக்கு. கெடைச்சதாலதான் அது வெளியே வந்துச்சு."

"பின்ன ஏன் போகமாட்டேங்குது? எனக்கு விசுவாசம் இல்லாததாலயா?"

அமலதாஸ் சாமி சல்லடைக்கு அருகே குனிந்தார். சாமிமார் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலில் பேசினார். "எனக்கும் சில நாள் அப்படித்தான் இருக்கும். நான் சொல்ற வார்த்தை எங்க வரைக்கும் போகுதுன்னு எனக்கே தெரியாது. கடவுள் பங்கு முடிஞ்சிருச்சுன்னு மட்டும் நம்புறேன். மீதி யார் பங்குன்னு... அது எந்தப் பக்கம் பாத்து உட்காருது?"

கித்தேரிக்கு அது நன்றாகத் தெரியும். நண்டு எப்போதும் தையல் மிஷின் சத்தம் வருகிற பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்தது.

ஞாயிறு முழுவதும் யோசித்து, திங்கள்கிழமை காலையில் நண்டைப் போட்ட பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரகாசி வீட்டுக்குப் போனாள். போகும் வழி ஒரே தெருதான், ஆனால் அன்றைக்கு அது பக்கத்து ஊருக்குப் போவதுபோல் நீண்டது. பிரகாசி குருத்து ஞாயிறுக்காகப் பீடச் சிறுவர்களின் சிவப்பு அங்கிகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வா. நண்டுக்குச் சட்டை தைக்கணுமா?" என்றாள் பிரகாசி.

கித்தேரி பானையைக் கீழே வைத்தாள். வழியெல்லாம் தயார்செய்து வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "வடக்க இருந்து உன்னய விசாரிக்க வந்தவகிட்ட வலிப்புன்னு சொன்னது நாந்தான்" என்றாள்.

மிஷின் ஓரம் முடியும்வரை ஓடியது. பிரகாசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அங்கியை மடித்தாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள்.

"வலிப்பா? வேற ஒண்ணும் கெடைக்கலையா உனக்கு?"

"அப்ப வாயில வந்தது அதான்."

"எங்கம்மா சாகுற வரைக்கும் என் தலையணைக்கு அடியில இரும்புச் சாவிக்கொத்து வச்சா. ஏம்மான்னு கேட்டா, திருடன் வருவான்னு சொல்லுவா. இந்த வீட்டுல திருடுறதுக்கு என்ன இருந்துச்சு? ஊர்ப்பேச்சு சுத்தி அவ காதுக்கே வந்து, பெத்தவளே பாதி நம்பிட்டா." பிரகாசியின் குரல் உயரவில்லை. "நான் தும்முனாக்கூட சாவியத் தேடுவாட்டி."

கித்தேரிக்கு இது தெரியாது. பதினோரு வருடமாக ஒரு கல்யாணத்தைத்தான் தன் கணக்கில் சுமந்திருந்தாள், தலையணைக்கடியில் சாவிக்கொத்து இருந்தது அவளுக்குத் தெரியாது. ஏதாவது சொல்லவேண்டும் என்று, "அந்த மாப்பிள்ளை குடிகாரனாப் போயிட்டான்னு சொல்லுதாங்க" என்றாள். சொன்னதும் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"அவன் எப்படியும் போறான். அது நான் கட்டிப் பாத்துத் தெரிஞ்சிக்க வேண்டியது." பிரகாசி கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள், திரும்பவும் எடுத்தாள். அப்போது அவள் முகத்தில் கோபத்துக்குப் பதிலாக வேறொன்று மெல்ல வந்து உட்கார்ந்தது, தப்பான துணியை வெட்டிவிட்ட தையற்காரியின் முகம் அது. "அப்போ... ரெஜினா மைனி இல்லையா?"

"எந்த ரெஜினா மைனி? என்ன இல்லையா?"

"அவங்கதான் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். அன்னைக்குப் படியில அவங்களும் நின்னாங்கல்லா." பிரகாசி முக்காலியில் உட்கார்ந்தாள். "பதினோரு வருஷமா அவங்க ரவிக்கை எல்லாத்தையும் அரை இஞ்சு இறுக்கிப் பிடிச்சுத்தான் தைச்சிருக்கேன்."

கித்தேரி அவளைப் பார்த்தாள். ரெஜினா மைனி பல வருடமாக ராத்திரிச் சோற்றை விட்டு, தான் ஊதிக்கொண்டே போவதாக ஊரெல்லாம் புலம்பி, விடியக்காலையில் கடற்கரையில் கைவீசி நடந்து, பூசையில் கையைத் தூக்க முடியாமல் பாதியிலேயே நிறுத்தி வந்தது அவள் கண்முன் வரிசையாக வந்தது. சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடமா இது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதட்டி" என்றாள் பிரகாசி. "உன்மேல நான் கோவப்பட்டு முடிக்கல. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன், அதுக்குள்ள நானே மாட்டிக்கிட்டேன்."

"என்னய மன்னிப்பியா?"

"தெரியல. போ. பானைய வச்சிட்டுப் போ."

கித்தேரி போனாள். நண்டு அவள் பின்னால் வரவில்லை.

அதன் பிறகு நான்கு நாள் கித்தேரிக்குக் கருவாடு எந்தப் பக்கம் காய்ந்தது என்று தெரியவில்லை. செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை பிரகாசி தையல் பிரிக்கிற ஊசியோடு உபதேசியார் வீட்டுக்குப் போனாள் என்றார்கள். உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டதாம், பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லையாம். அதன் பிறகு ரெஜினா மைனி வெளியே வந்து, தெருவைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பார்த்தாளாம். "நான் ஊதல" என்று வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னாளாம். தவக்காலமாவது ஒன்றாவது என்று அன்றைக்கு ராத்திரிக்கு உலை வைத்தாள், மூன்று தட்டு சோறு. பிரகாசியை மன்னிப்பதாயில்லை, முப்பத்தேழு ரவிக்கையும் பிரித்துக் கொடுத்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள். ஆனால் பிரித்துக்கொண்டிருந்த பிரகாசிக்கு ஒரு தட்டு சோறும் வைத்தாள், சாப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து திட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பொட்டலம் ரவிக்கை கித்தேரி வீட்டு வாசலில் கிடந்தது, கூட ஒரு ஊசி. சீட்டு எதுவும் இல்லை. கித்தேரி கருவாட்டைச் சேசையாவிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து, சாயங்காலம்வரை பிரித்தாள். தையல் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு அழகாக, ஒவ்வொன்றும் அவ்வளவு கோபமாகப் போட்டிருந்தது. பதினெட்டு ரவிக்கை பிரித்து முடித்தபோது விரல் நுனியெல்லாம் குத்துப்பட்டிருந்தது. ஆனால் ஒரு தடவைகூட ஐந்து மந்திரம் போதுமா என்ற கேள்வி வரவில்லை என்று அவளுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை கித்தேரி கோயிலைப் பெருக்கி, மணலைச் சமன் செய்து, கிழக்கு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நாலரை மணிக்குப் பிரகாசி அலுமினியப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஊர் கொடிமரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வெட்கமில்லாமல் வந்துவிட்டது. ரெஜினா மைனி பிரித்துத் தைத்த ரவிக்கையில் முன்வரிசையில் நின்று, வேண்டுமென்றே இரண்டு கைகளாலும் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

பிரகாசி பானையைத் தொட்டிக்கு வெளியே வைத்துவிட்டு முழங்காலில் நின்றாள். நெடுநேரம் பேசினாள். நடுவில் ஒருமுறை அமலதாஸ் சாமி சிரிப்பை அடக்குகிற இருமல் கேட்டது, ஒருமுறை பிரகாசி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மன்னிப்பு வார்த்தை.

இடுக்கு வழியாக வந்த நண்டு பாதியில் மாட்டிக்கொண்டது, அவ்வளவு பெரியது. உபதேசியார் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கிப் பிடித்தார். பவளத்துறையில் அதுவரை யாரும் பார்த்திராத நண்டு அது, சிவந்த ஓடு, ஒரு கொடுக்கே கத்தரிக்கோல் நீளம். மிக்கேல் பர்னாந்து பொறாமையில் தலையில் கைவைத்தார். அது நடுவழியில் நேராக நடந்தது. பானைக்குள்ளிருந்த கருநீல நண்டும் விளிம்பில் ஏறி, இறங்கி, அதன் பக்கத்தில் சேர்ந்துகொண்டது. ஆனாலும் அது இன்னும் பக்கவாட்டில்தான் நடந்தது, எல்லோரும் பார்த்தார்கள்.

வாசலுக்கு வந்ததும் சிவப்பு நண்டு நின்றது. கித்தேரியின் வலது காலைப் பார்த்தது. பிறகு அவசரமில்லாமல், அளவெடுப்பதுபோல் கொடுக்கை விரித்து, அவள் கட்டைவிரலைப் பிடித்து ஒரு திருகு திருகியது.

கித்தேரி கத்தவில்லை. கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் நிறைந்தது, வலி காலிலிருந்து முழங்காலுக்கும் முழங்காலிலிருந்து பல்லுக்கும் ஏறியது, ஏறும்போதே பதினோரு வருடமாக நெஞ்சுக்குள் எங்கோ இறுகிப் பிடித்துத் தைத்திருந்த ஏதோ ஒன்று ஒவ்வொரு தையலாக விட்டுப்போவது அவளுக்குத் தெரிந்தது. எந்தச் சாமியும் இப்படி ஒரு பரிகாரம் கொடுத்ததில்லை. இது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. இதை நம்பலாம்.

நண்டு விரலை விட்டது. இரண்டும் வாசலைத் தாண்டின. கொடிமரத்தருகே கருநீல நண்டு ஒரு கணம் நின்று, கால்களை மாற்றி வைத்துப் பார்த்து, புதிதாகப் பழகுகிற பிள்ளை மாதிரி தடுமாறி, நேராக நடந்தது. அலை வந்தது. இரண்டும் போயின.

பிரகாசி வெளியே வந்து, கித்தேரியின் காலைக் குனிந்து பார்த்தாள். விரல் வீங்கிச் சிவந்திருந்தது.

"வலிக்கா?"

"உசுரு போகுது."

"ம்" என்றாள் பிரகாசி திருப்தியாக. காலியான பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையைக் கித்தேரியின் தோளுக்குக் கொடுத்தாள். "மெல்ல வா. இன்னும் பதினஞ்சு ரவிக்கை கெடக்கு."